பென்குயினுக்காக மட்டும் பாக்கணும்னா கோத்தமா, தி பென்குயினா?

ஒரே ஒரு கேரக்டருக்காக ஒரு சீரிஸ முழுசா உக்காந்து பாக்கலாமான்னா, பேட்மேன் கதைகள்ல வர்ற வில்லன் பென்குயின் விஷயத்துல தாராளமா பாக்கலாம், ஆனா எதுலங்கறதுதான் கேள்வி. ஒண்ணு ஃபாக்ஸ்ல 2014ல ஆரம்பிச்சு 2019ல முடிஞ்ச கோத்தம், அஞ்சு சீசன், மொத்தம் 100 எபிசோட். இன்னொண்ணு எச்பிஓ 2024ல விட்ட தி பென்குயின், எட்டே எபிசோட். எண்ணிக்கைய மட்டும் வச்சு முடிவு பண்ணா எட்டுலயே முடிச்சுக்கலாம்னுதான் தோணும், ஆனா அவசரப்படாதீங்க.

கோத்தம்ல ராபின் லார்ட் டெய்லர் பண்ற ஆஸ்வால்ட் கோபிள்பாட், அதாவது பென்குயின், ஆரம்பத்துல ஃபிஷ் மூனிங்கற தாதா பொம்பளைக்கு குடை பிடிச்சுக்கிட்டு நிக்கற எடுபிடி. இவன் போலீஸ்கிட்ட போட்டுக்குடுத்தது தெரிஞ்சதும் அவ கால உடைச்சுடறா, பென்குயின் மாதிரி நொண்டற அந்த நடையே அங்கதான் பொறக்குது, அப்புறம் இவன கொல்லச்சொல்லி போலீஸ்காரர் ஜிம் கோர்டன அனுப்பறாங்க, அவரு சுடற மாதிரி சுட்டுட்டு தண்ணிக்குள்ள தள்ளி விட்டுடறாரு. இது எல்லாமே முதல் எபிசோட்லயே. அதுக்கப்புறம் எதிரெதிர் மாஃபியா தலைவர்களான ஃபால்கோன் கிட்ட ஒரு பேச்சு மரோனி கிட்ட ஒரு பேச்சுன்னு ரெண்டு பக்கமும் கும்பிடு போட்டுக்கிட்டே அவன் மேல ஏறி வர்ற விதம் இருக்கே, அதுக்கு டைம் வேணும், எட்டு எபிசோட்ல அத காட்டவே முடியாது. அவமானப்படும்போது ஒரு சிரிப்பு சிரிப்பான், அது அடுத்த நிமிஷம் அழுகையா மாறுமா கத்திக்குத்தா மாறுமான்னு நமக்கே தெரியாது.

தி பென்குயின்ல காலின் ஃபேரல். மைக் மரினோ போட்ட மேக்கப்புக்குள்ள இருக்கறது அவருதான்னு நம்பவே முடியல, ஆனா அந்த கண்ணு மட்டும் போதும் அவருக்கு. இங்க கால் பொறவியிலயே வளைஞ்சது, பேரும் வெறும் ஆஸ் காப். 2022ல வந்த தி பேட்மேன் படத்தோட கடைசில ஊர மூழ்கடிக்கற வெள்ளம் முடிஞ்சு ஒரு வாரத்துல கதை தொடங்குது, ஃபால்கோன் செத்துட்டாரு, நாற்காலி காலி. எழுத்து, இசை, லைட்டிங் எல்லாத்துலயும் இதுதான் பெட்டர் சீரிஸ், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ரெண்டுக்கும் உண்மையான வித்தியாசம் எங்கன்னா அம்மாகிட்ட. கோத்தம்ல கேரல் கேன் பண்ற கெர்ட்ரூட், தன் பையன் ஒரு பூச்சியக்கூட கொல்லமாட்டான்னு மனசார நம்பற அம்மா, அவன் அந்த நம்பிக்கைய காப்பாத்தறதுக்காகவே பொய் சொல்லிக்கிட்டு இருக்கான், அதனால அவன் என்ன கொடுமை பண்ணாலும் நம்மால அவன முழுசா வெறுக்க முடியல. தி பென்குயின்ல டெய்ட்ரே ஓ'கானல் பண்ற ஃப்ரான்சிஸுக்கு தன் பையன் யாருன்னு நல்லாவே தெரியும், ஞாபகம் நழுவிக்கிட்டு இருக்கற நிலையிலயும் அவன இன்னும் மேல போ மேல போன்னு தள்ளறாங்க. அங்க கடைசி எபிசோட் முடியும்போது ஆஸ் மேல ஒட்டிக்கிட்டு இருந்த கொஞ்சநஞ்ச பாசமும் நமக்கு போயிடும். சீரிஸோட நோக்கமே அதுதான், சீரிஸ எழுதி நடத்தின ஷோரன்னர் லாரன் லெஃப்ராங்க் அதுல கொஞ்சமும் இறங்கி வரல.

இன்னொரு விஷயம். தி பென்குயின்ல நம்மள கட்டிப்போடறது பென்குயின் இல்ல, செத்துப்போன ஃபால்கோனோட பொண்ணு சோஃபியா ஃபால்கோன். பண்றது கிறிஸ்டின் மிலியோட்டி. ஆர்க்கம்ங்கற மனநல மருத்துவமனைல அவ எப்படி போய் விழுந்தாங்கறத காட்டற நாலாவது எபிசோட் ஒண்ணு போதும். ஃபேரலுக்கு கோல்டன் குளோப் கிடைச்சுது, ஆனா 2025ல எம்மி வாங்கினது மிலியோட்டிதான், சரியான ஆளுக்குத்தான் போச்சு. ஸோ ஒரு கேரக்டருக்காக தி பென்குயின் பாக்கறீங்கன்னா அது சோஃபியாவுக்காக இருக்கும், பென்குயினுக்காகன்னா கோத்தம்தான்.

கோத்தம்ல கஷ்டமும் இருக்கு, மறைக்க வேணாம். முதல் சீசன்ல பாதி நேரம் வாரம் ஒரு கேஸுன்னு கோர்டனும் அவரோட கூட்டாளி போலீஸ் புல்லக்கும் யாரையாவது துரத்திக்கிட்டு இருப்பாங்க, பென்குயின் வர்ற சீன் சில எபிசோட்ல ரொம்ப கம்மி. அந்த கேஸ் எல்லாத்தையும் ஓட்டி விட்டுடலாம், ஒண்ணும் குறையாது. ரெண்டாவது சீசன ஓட்டாதீங்க, அம்மா கதையும் அப்பா கதையும் அங்கதான் வருது, அந்த அப்பாவா வர்ற பால் ரூபன்ஸ்தான் 1992 பேட்மேன் ரிட்டர்ன்ஸ்லயும் பென்குயினோட அப்பா, தேடிப்பிடிச்சு போட்டிருக்காங்க. மூணாவது சீசன்ல எட்வர்ட் நிக்மாவோட (பின்னாடி ரிட்லர்ங்கற வில்லனா மாறறவன்) வர்ற நட்பு, காதல், துரோகம், அதுதான் டெய்லரோட உச்சம், நிக்மாவா பண்ற கோரி மைக்கேல் ஸ்மித்தும் சளைக்காம நிக்கறாரு. நாலாவதுல பென்குயின் தன்னோட ஐஸ்பெர்க் லவுஞ்ச் கிளப்ப திறக்கற வரைக்கும் பாருங்க, அஞ்சாவது சீசன் 12 எபிசோட்தான், அவசர அவசரமா முடிச்சிருக்காங்க, விட்டாலும் பரவால்ல.

ரெண்டையும் பாக்கறதா இருந்தா கோத்தம்தான் முதல்ல. தி பென்குயினோட இறுக்கத்துக்கு பழகிட்டு அங்க போனா டெய்லரோட நடிப்பு மேடை நாடகம் மாதிரி தெரியும், அது அவருக்கு பண்ற அநியாயம்.