30 வோல்ட் 5 ஆம்ப் பவர் சப்ளை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பெயர் தெரியாத கம்பெனியின் பென்ச் பவர் சப்ளையை (வேண்டிய வோல்டேஜையும் கரண்டையும் குமிழில் வைத்து எடுக்கும் பெட்டி), முகப்பில் அச்சடித்திருப்பதை நம்பி வாங்கும் எண்ணம் இருந்தால், காசைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது சப்ளை மட்டுமல்ல, கஸ்டமர் ஒருவரின் போன் போர்டும் சேர்ந்து போனது.

திண்டுக்கல்லில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சென்னை போயிருந்தபோது ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் இந்த சப்ளையை வாங்கினேன். ஓவர் வோல்டேஜ், ஓவர் கரண்ட், ஷார்ட் சர்க்யூட் என்று மூன்று ப்ரொடெக்‌ஷனும் முகப்பில் பளிச்சென்று போட்டிருந்தது. கடைக்காரர் சிவப்பு, கறுப்பு ஒயர்களைச் சேர்த்துப் பிடித்து ஷார்ட் செய்தும் காட்டினார். கரண்ட் 5 ஆம்பில் நின்றது, கரண்ட் எல்லையில் நிற்கிறது என்று காட்டும் சி.சி. விளக்கு எரிந்தது. "பாருங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார். அந்த நாலைந்து விநாடிக்கு ஒன்றும் ஆகாதுதான்.

ஒரு போன், மெயின் லைன் ஷார்ட் என்று வந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்: 2 வோல்ட் வைத்து, கரண்டை 3 ஆம்புக்கு மட்டுப்படுத்தி, ஷார்ட்டான லைனில் கொடுத்தால் பழுதான பாகம் சுடும், முன்கூட்டியே போர்டில் படியவைத்த ரோசின் புகைப் படலம் எந்தப் பாகத்தின் மேல் முதலில் உருகுகிறதோ அதுதான் குற்றவாளி. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சப்ளையின் பின்பக்கத்திலிருந்து பொசுங்கும் வாடை. ஸ்விட்ச்சுக்குக் கை போவதற்குள் போர்டில் சின்ன கெப்பாசிட்டர் ஒன்று பொரிந்தது. அது எரிந்து ஓபன் ஆனதும் ஷார்ட் போய்விட்டது, டிஸ்ப்ளேயில் 37 வோல்ட். நாலு வோல்ட் பேட்டரியில் ஓடுகிற போர்டுக்கு 37 வோல்ட்! பவர் ஐசியில் தொடங்கி எது மிச்சம் என்று தேட வேண்டிய நிலை.

மூடியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் கதை புரிந்தது.

இந்த மாதிரி லீனியர் சப்ளை வேலை செய்யும் விதம் எளிது. ட்ரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் டயோடுகள்), பெரிய கெப்பாசிட்டர் மூன்றும் சேர்ந்து சுமார் 36 வோல்ட் டிசியைத் தயார் செய்யும். அதற்கும் அவுட்புட்டுக்கும் நடுவில் ஒரு பவர் ட்ரான்சிஸ்டர். அவுட்புட்டில் ஒரு பங்கை எடுத்து, அசையாத ரெஃபரன்ஸ் வோல்டேஜோடு ஆப்-ஆம்ப் என்ற சின்ன ஐசி ஒன்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கூடினால் ட்ரான்சிஸ்டரை இறுக்கும், குறைந்தால் தளர்த்தும். இதுதான் ரெகுலேஷன். கரண்ட் லிமிட்டும் இதே கதைதான்: வழியில் ஒரு சின்ன ரெசிஸ்டர், 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டால் 3 ஆம்பில் அதன் குறுக்கே 0.3 வோல்ட் விழும். அதைப் பார்த்து இன்னொரு ஆப்-ஆம்ப், அதே ட்ரான்சிஸ்டரைத்தான் இறுக்கும்.

கவனியுங்கள், இரண்டுக்கும் கை ஒன்றே. ஒரே ஆள் கணக்கும் எழுதி கல்லாவிலும் உட்கார்ந்தால், அவர் கவிழ்ந்த அன்றைக்குக் கேட்க நாதியிருக்காது. பவர் ட்ரான்சிஸ்டர் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். அப்போது வோல்டேஜ் குமிழ், கரண்ட் குமிழ் இரண்டும் வெறும் அலங்காரம். உள்ளே இருக்கிற மொத்த வோல்டேஜும் நேராக வெளியே வரும்.

அது ஏன் செத்தது? 36 வோல்ட்டில் 2 வோல்ட்டை மட்டும் வெளியே விட்டால் மீதி 34 வோல்ட் ட்ரான்சிஸ்டரின் தலையில். 3 ஆம்புக்கு 102 வாட் சூடு. உள்ளே இருந்தது ஒரே ஒரு 2என்3055 ட்ரான்சிஸ்டர். அதன் 115 வாட் கணக்கு, உடம்பை 25 டிகிரியிலேயே வைத்திருந்தால்தான். நம் ஊர் வெயிலில், இரண்டு விரல் அகல அலுமினியத் துண்டில் உட்கார்ந்துகொண்டு அதில் பாதியைத் தாங்கினாலே பெரிது. ஹீட்சிங்கில் இரண்டாவது ட்ரான்சிஸ்டருக்கும் துளை போட்டிருக்கிறார்கள், ட்ரான்சிஸ்டர்தான் இல்லை. ஒழுங்காகச் செய்த சப்ளையில், குமிழை ஏற்ற ஏற்ற உள்ளே ரிலே 'டிக்' என்று ட்ரான்ஸ்ஃபார்மரின் அடுத்த டேப்புக்கு (கூடுதல் வோல்டேஜ் தரும் முனைக்கு) மாறும். குறைந்த வோல்டேஜில் இவ்வளவு சூடு வராமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு அது. இதில் ரிலேயே கிடையாது.

எனக்கு ஆத்திரம் வந்தது அடுத்ததைப் பார்த்துத்தான். ட்ரான்சிஸ்டர் போனாலும் காப்பாற்றுவதற்கென்று தனியாக ஒன்று உண்டு, க்ரோபார் என்பார்கள். அவுட்புட் எல்லை தாண்டியதும் ஒரு எஸ்சிஆர் (தூண்டினால் ஆன் ஆகி அப்படியே நிற்கும் ஸ்விட்ச் மாதிரி பாகம்) ஆன் ஆகி, ப்ளஸ் மைனஸை ஷார்ட் செய்து, ஃபியூஸைப் பறக்கவிடும். முரட்டு வைத்தியம்தான், ஆனால் போர்டு பிழைக்கும். இந்தப் பெட்டியின் சர்க்யூட் போர்டில் எஸ்சிஆருக்கு இடம் அச்சாகியிருக்கிறது, மூன்று துளையும் காலி. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் வளைத்துச் சால்டர் செய்த ஒரு கம்பித் துண்டு. டிசைன் செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது, அசெம்பிள் செய்தவர்கள் விட்டுவிட்டு லேபிளை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். இதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இது ஏமாற்று.

இன்னொன்று. மூன்று பின் பிளக் கொடுத்திருக்கிறார்களே என்று நிம்மதியாக இருந்தேன். உள்ளே பச்சை எர்த் ஒயரை வெட்டி ஸ்லீவுக்குள் செருகி வைத்திருக்கிறது, உலோகப் பாடியோடு சேர்க்கவே இல்லை. இது போர்டு போகிற விஷயமில்லை, ஆள் போகிற விஷயம்.

வாங்கப் போகிறவர்கள் கையில் மல்டிமீட்டரும் 12 வோல்ட் 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு ஒன்றும் கொண்டு போங்கள். பிளக்கைச் செருகும் முன்பே எர்த் பின்னுக்கும் பாடிக்கும் கன்டினியூட்டி (தொடர்பு) இருக்கிறதா என்று பாருங்கள். ஷார்ட் டெமோவை 2 வோல்ட்டில், சொன்ன முழு கரண்டில், கால் மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே பதில். பிறகு பல்பைப் போட்டு 12 வோல்ட்டில் எரியவிடுங்கள், நாலரை ஆம்ப் சுமார் இழுக்கும், வோல்டேஜ் தொய்யக் கூடாது. 4 வோல்ட்டில் வைத்து, மீட்டரை மேக்ஸ் மோடில் (உச்ச அளவைப் பிடித்துவைக்கும் மோடு) போட்டு, மெயின் ஸ்விட்ச்சை அணைத்து அணைத்துப் போடுங்கள். சில மட்டமான சப்ளைகள் அணைக்கும் கணத்தில் 10, 15 வோல்ட் உதைக்கும். அப்புறம் தூக்கிப் பாருங்கள்: ரிலே டேப் வைத்த 150 வாட் லீனியர் சப்ளையை ஒரு விரலில் தூக்க முடியாது.

இப்போது நான் போன் பக்கம் போகிற ஒயரிலேயே வேகமான ஃபியூஸ், எல்லையை உணர 5.1 வோல்ட் ஜீனர் டயோடு, டைன்616 எஸ்சிஆர் வைத்து ஒரு சின்ன க்ரோபார் போட்டிருக்கிறேன். ஆறு வோல்ட் வாக்கில் வேலை செய்துவிடுகிறது. பெரிய செலவில்லை.

கடைக்காரரிடம் பேசினேன். "சீல் பிரிச்சிட்டீங்களே சார், வாரண்டி போச்சு" என்றார். போட்டோ அனுப்பியதும், "நீங்க தொழிலுக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கேஸ்லாம் நிக்காது" என்று பேச்சை மாற்றினார். அது உண்மையில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கும் நுகர்வோர் என்ற தகுதி உண்டு. நாம் இருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். ஜிஎஸ்டி பில்லும், காலியான எஸ்சிஆர் இடத்தின் போட்டோவும் கைவசம். கஸ்டமருக்கு என் செலவில் வேறு போர்டு போட்டுக் கொடுத்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத் தயார் செய்துகொண்டிருக்கும் மனுவில் அந்தத் தொகையும் சேர்கிறது.