வேட்டைக்கான ரேஞ்ச்பைண்டரை கோல்ஃப் கடையில் வாங்காதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சிங்கப்பூரில் வேட்டை கிடையாது. மண்டாய்க் காட்டில் கடமான் திரிகிறது, பாசிர் ரிஸ் பக்கம் காட்டுப்பன்றி குட்டிகளோடு சாலையோரம் வந்து நிற்கிறது. ஆனால் சட்டம் அவற்றுக்குத் தீனி போடக்கூட விடாது, சுடுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் எழுதுவது நியூசிலாந்து வேட்டைக்காக இங்கே ரேஞ்ச்பைண்டர், அதாவது லேசரால் தூரம் அளக்கும் கைக்கருவி, வாங்குவது பற்றி. அக்காவும் அத்தானும் கிறைஸ்ட்சர்ச்சில் குடியேறி வெகுகாலமாகிறது. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அங்கே செம்மான் கிடாக்கள் துணை தேடிக் கத்தும் பருவம். துப்பாக்கியும் லைசென்சும் அத்தானுடையவை. பக்கத்தில் படுத்துக்கொண்டு, "எவ்வளவு மாப்ள?" என்று அவர் கேட்டதும் தூரத்தைச் சொல்வது என் வேலை.

எனக்குச் சோறு போடுவதும் தூரம்தான். கட்டுமானத் தளங்களில் நில அளவை செய்கிறேன். அங்கே எதிர்முனையில் கண்ணாடிப் பிரிசம் வைத்திருப்போம், விட்ட ஒளியை அது அப்படியே திருப்பி அனுப்பிவிடும். மான் அப்படிச் செய்யாது. பழுப்பு ரோமம் ஒளியைப் பாதி விழுங்கும், மீதியை நாலாபக்கமும் சிதறடிக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். கொட்டை எழுத்தில் 1,000, 2,000, 4,000 என்று போட்டிருப்பதெல்லாம் பளபளக்கும் பலகைக்கான தூரம். மானுக்கு என்ன என்பது உள்ளே பொடி எழுத்தில் இருக்கும், பல கருவிகளில் முதல் எண்ணில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். அந்தப் பொடி எழுத்தே இல்லாத பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். இணையக் கடையில் மலிவாக விற்கும் ஒன்றை நண்பர் வாங்கி என்னிடம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார். பிடோக் நீர்த்தேக்கக் கரையில் நின்று எதிரே உள்ள வெள்ளைச் சுவர் பிளாக்கைப் பார்த்தால் உடனே எண் வந்தது. மான் ரோமத்துக்குப் பதிலாகக் கம்பி வேலியில் தேங்காய்நார் மிதியடி ஒன்றைத் தொங்கவிட்டு, 300 மீட்டர் தள்ளிப்போய் அதைக் குறிவைத்தால் எண் வராமல் வெறும் கோடுகள்தான் வந்தன. வெயில் ஏறியதும் இன்னும் மோசம். சூரிய ஒளியிலும் இந்த லேசரின் அலைநீளம் கலந்திருப்பதால், திரும்பி வரும் சிறு துடிப்பு அதில் அமுங்கிப்போகிறது.

உள்ளே நடப்பது எளிய கணக்குதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புத் துடிப்பு ஒன்று போகிறது, பட்டுத் திரும்புகிறது, எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத் தூரம் சொல்கிறது. 300 மீட்டர் போய்வர நொடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான் ஆகும். அந்த நேரத்தை இன்று மலிவுக் கருவியும் நன்றாகவே அளக்கிறது. எதிலிருந்து திரும்பிய துடிப்பை அது எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் வில்லங்கம்.

இங்கேதான் கோல்ஃப் கருவி காலை வாருகிறது. சிங்கப்பூரில் ரேஞ்ச்பைண்டர் என்று கேட்டால் கடைக்காரர் கோல்ஃப் மாடலைத்தான் எடுத்து மேசையில் வைப்பார், வேறு யார் வாங்கப் போகிறார்கள்? கோல்ஃபில் குழியைக் காட்டும் கொடி முன்னால் நிற்கும், மரங்கள் பின்னால் நிற்கும். ஆகவே பல துடிப்புகள் திரும்பினால் மிக அருகில் உள்ளதை எடுத்துக்கொள்ளும்படி அதைச் செய்திருக்கிறார்கள். மலைச்சரிவில் இது நேர் தலைகீழ். மானுக்கு முன்னால் கொத்துக்கொத்தாக வளரும் இடுப்பளவு டஸக் புல் ஆடிக்கொண்டிருக்கும். கோல்ஃப் கருவி புல்லைப் பிடித்துக்கொண்டு, 280 மீட்டரில் நிற்கும் மானுக்கு 190 என்று சொல்லும், போதாக்குறைக்குக் கையில் வெற்றி அதிர்வு வேறு கொடுக்கும்! வேட்டைக்கு வேண்டியது கடைசியில் திரும்பும் துடிப்பை எடுக்கும் முறை. அதிலும் எச்சரிக்கை வேண்டும், மானுக்குப் பின்னால் மலை இருந்தால் மலையின் தூரம் வந்துவிடும். 2 மில்லிரேடியன், அதாவது மீட்டருக்கு 2 மி.மீ., விரியும் கற்றை 300 மீட்டரில் 60 செ.மீ. அகலமாகிவிடுகிறது, மானின் உடம்பே ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் நான் மானையும், அது நிற்கும் தரையையும், பக்கத்துப் பாறையையும் அளந்து பார்ப்பேன். மூன்றும் ஒத்துப்போனால்தான் அத்தானிடம் வாய் திறப்பேன்.

சரிவுக் கணக்கு இதைவிட ஆபத்தானது, ஆனால் கடையில் யாரும் சொல்வதில்லை. தோட்டாவைக் கீழே இழுக்கும் புவியீர்ப்புக்குக் கிடைமட்டத் தூரம்தான் கணக்கு. 30 பாகை சரிவில் 400 மீட்டர் என்று காட்டினால், 346 மீட்டருக்குச் சுடுவதுபோல் குறிவைக்க வேண்டும். மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் எண் குறையத்தான் செய்யும். கோல்ஃபில் அப்படியில்லை, மேட்டுக்கு அடித்தால் பந்து சீக்கிரம் தரைதட்டும். அதனால் கோல்ஃப் கருவியின் சரிவு முறை மேட்டில் தூரத்தைக் கூட்டிச் சொல்லும். குறைக்க வேண்டிய இடத்தில் கூட்டினால் தோட்டா முதுகுக்கு மேலே போகும், அல்லது முதுகைக் கிழித்துக்கொண்டு போகும். காயத்தோடு ஓடும் மானை இருட்டில் தேடுவதைவிடக் கொடுமை வேட்டையில் வேறில்லை. அத்தானின் .308 துப்பாக்கி 200 மீட்டருக்கு ஒத்திசைத்தது, அதாவது அந்தத் தூரத்தில் தோட்டா குறிவைத்த இடத்திலேயே படும். 300-இல் சுமார் கால் மீட்டர் இறங்கும், 400-இல் முக்கால் மீட்டரை நெருங்கும். கண்மதிப்பில் 50 மீட்டர் பிசகினால் என்ன ஆகுமென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் திரை. கறுப்பு எண் காட்டும் எல்சிடி திரை மதியத்தில் அருமை. ஆனால் மான் மதியத்தில் வெளியே வராது. விடிகாலையிலும் அந்தியிலும் இருண்ட புதருக்கு எதிரே கறுப்பு எண்ணைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். சிவப்பாக ஒளிரும் திரைதான் வேண்டும், அதுவும் வெளிச்சத்தைக் குறைக்கும் வசதியோடு. இல்லாவிட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கூசிப்போகும். என்னைப்போல் மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதைக் கழற்றாமலே முழுத் திரையும் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

கடைசியில் நான் எடுத்தது வோர்டெக்ஸ் ரேசர் எச்டி 4000. பழைய பொருள் விற்கும் காரௌசல் தளத்தில் ஒருவர் அதிகம் பயன்படுத்தாமல் விற்றார், புதியதின் விலையில் பாதிக்குச் சற்று மேல். பிடோக் எம்ஆர்டி வாசலில் கைமாற்றினோம். 7 மடங்கு பெரிதாக்கும், 25 மி.மீ. வில்லை. பெயரில் உள்ள 4,000 கெஜம் பளபளப்பான பொருளுக்கு, மானுக்கு 2,200 கெஜம் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். 2,200 கெஜத்தில், அதாவது 2 கிலோமீட்டரில், யாரும் மான் சுடப் போவதில்லை, அத்தான் 300 மீட்டரைத் தாண்டினால் துப்பாக்கியையே தூக்க மாட்டார். ஆனாலும் அந்த உபரித் திறன் வீண் இல்லை. தூறலிலும் மங்கலிலும் மானின் விலாவிலிருந்து 250 மீட்டரில் தயங்காமல் எண் வருவது அதனால்தான். முதல் இலக்கு, கடைசி இலக்கு என்று முறை மாற்றலாம், கிடைமட்டத் தூரத்தைத் தானே கணக்கிட்டுச் சொல்லும், எண் சிவப்பில் தெரியும். என் மிதியடிச் சோதனையில் எத்தனை தடவை அழுத்தினாலும் ஒரே எண்தான், ஒரு மீட்டர் முன்பின். வாங்கியதும் அலகைக் கெஜத்திலிருந்து மீட்டருக்கு மாற்றிவிடுங்கள். 300 கெஜம் என்பது 274 மீட்டர், படுத்துக்கொண்டு மனக்கணக்குப் போட முடியாது.

7 மடங்கில் கை நடுக்கமும் 7 மடங்காகத் தெரியும். அடியில் முக்காலித் திருகு இருக்கிறது. நான் முக்காலி தூக்குவதில்லை, முதுகுப்பைமேல் வைத்துப் பார்ப்பேன். இதைப் பைனாகுலராகவும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மலையைத் துழாவ இரண்டு கண் வேண்டும். சுடுமுன் இலக்கு இன்னதென்று சிறிதும் ஐயமில்லாமல் அறிந்துகொள்ள வேண்டும் என்பது நியூசிலாந்துத் துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகளில் ஒன்று. புதருக்குள் அசைவது மானா, வேறொரு வேட்டைக்காரரா என்பதை ரேஞ்ச்பைண்டர் சொல்லாது, அசைவு எவ்வளவு தூரத்தில் என்று மட்டும்தான் சொல்லும்.

150 மீட்டருக்குள் அடர்காட்டில் சுடுபவர்களுக்கு இவ்வளவு செலவு தேவையே இல்லை. அந்தத் தூரத்தில் தோட்டா இறங்குவது கணக்கில் வராது. அந்தக் காசுக்கு நல்ல பூட்ஸ் வாங்கலாம். அதையும் மண் இல்லாமல் கழுவிக்கொண்டு போங்கள், கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் புரட்டிப் பார்ப்பார்கள்.

இங்கே வைத்துக்கொள்ளும்போது ஈரம்தான் எதிரி. ஏர்கான் அறையிலிருந்து வெளியே எடுத்தால் வில்லை உடனே வேர்த்துவிடும். நான் கேமராக்களோடு உலர்பெட்டியில் வைத்திருக்கிறேன். இது சிஆர்2 லித்தியம் பேட்டரியில் ஓடுகிறது. மலையடிவாரத்துச் சின்ன ஊர்க் கடையில் கிடைக்குமென்று நம்பிப் போகாமல் இங்கேயே உபரி வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், செக்-இன் பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள்.