சொகோத்ராவா, ஹத்ரமௌத்தா? ஏமன் போக நினைப்பவர்களுக்கு

ஏமனில் வெளிநாட்டுப் பயணிகள் ஓரளவு நடமாட முடிகிற இடங்கள் என்றால் சொகோத்ரா தீவும் ஹத்ரமௌத் பள்ளத்தாக்கும்தான். என் ஓட்டு சொகோத்ராவுக்கு. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2017 முதல் ஏமன் பயணத்துக்கே தடை; அரசின் தனி அனுமதி இல்லாமல் இரண்டுமே கிடையாது.

அழகை வைத்து முடிவெடுக்க முடியாது. ஹத்ரமௌத்தில் ஷிபாம் நகரின் மண் அடுக்குவீடுகளும் சரி, சொகோத்ராவில் திக்ஸம் மேட்டின் குடை வடிவ டிராகன் ரத்த மரங்களும் சரி, வேறெங்கும் கிடைக்காதவை.

முடிவு செய்ய வேண்டியது ஒன்றை வைத்துத்தான்: நிலைமை கெட்டால் என்ன ஆகும்? ஹத்ரமௌத்தில் சண்டை உங்கள் சாலைக்கே வரலாம். 2025 டிசம்பரில் அங்குள்ள முக்கிய நகரமான செய்யூன் தெற்குப் பிரிவினைப் படைகளின் கைக்குப் போனது. அடுத்த மாதமே மறுபடி கை மாறியது. அல்-காய்தா பழகிய மண் வேறு. சோதனைச் சாவடிதோறும் அனுமதிச் சீட்டின் நகலைக் கொடுக்க வேண்டும். ஆட்சி மாறினால் பழைய சீட்டை மதிப்பார்களா என்பது சாவடியில் நிற்பவரைப் பொறுத்தது.

சொகோத்ராவில் ஆபத்து வேறு மாதிரி: ஆளுக்கு ஒன்றும் ஆகாது, ஊர் திரும்ப முடியாது. அதே அரசியல் குழப்பத்தில் 2026 ஜனவரியில் விமானம் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் தீவில் மாட்டிக்கொண்டார்கள். பிறகு ஜித்தா வழியாக வெளியேறினார்கள். அலுப்புதான், ஆனால் தயாராகப் போனால் தாங்கலாம்.

தயாராவது எப்படி? ஊர் திரும்பும் இணைப்பு விமானத்தை மாற்றத்தக்க பயணச்சீட்டாக எடுங்கள். தினமும் சாப்பிடும் மருந்து இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். வெளிநாட்டு அட்டைகளை நம்பவே வேண்டாம். கிழியாத, கறைபடாத, புதிய வரிசை டாலர் தாள்களாக, திட்டமிட்ட செலவைவிடப் பாதி அதிகம் கொண்டுபோங்கள். பழைய தாளைப் பணமாற்றுக் கடையில் வாங்க மறுப்பார்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் ‘போர்ப்பகுதி’ விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கூடாரம் நிற்காது, படகும் ஓடாது. அந்த மாதங்களை விட்டுவிடுங்கள்.

ஹத்ரமௌத்துக்கு ஒரு பலம் உண்டு: தரைவழி. செய்யூனிலிருந்து தமூத் வழியாக ஷஹன் எல்லையைத் தாண்டி ஓமானின் சலாலாவுக்குப் போய்விடலாம். நீண்ட பாலைவனச் சாலை, அதிலும் சாவடிகள் உண்டு. மண் கட்டடக் கலைக்காகவே போகிறவர்கள் ஏமன் விசாவோடு ஓமான் விசாவையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.