ராமநாதபுரம் கடற்கரைக்கு எந்த பைனாகுலர், எந்தச் செருப்பு?

சுற்றுலாத் தலங்களில் சங்கு, பாசிமாலையோடு சேர்த்துத் தொங்கவிட்டிருக்கும் பைனாகுலரை மட்டும் வாங்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தனுஷ்கோடியில் பூநாரை வந்து இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் பாதிப் பேர் கை வைப்பது அதில்தான். முன்பக்கக் கண்ணாடி செக்கச்செவேல் என்று மின்னும், பார்க்க ஜோராக இருக்கும். அந்தப் பூச்சு சிவப்பு ஒளியை வெளியே திருப்பி அனுப்புவதால்தான் நமக்கு அது சிவப்பாகத் தெரிகிறது; மிச்சம் உள்ளே போவது பச்சை தட்டிய படம். பூநாரையின் இறக்கைச் சிவப்பைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் போகிறோம், அதையே வடிகட்டிவிட்டால் எப்படி? என் அக்கா மகன் ஒன்று வாங்கி வந்தான். ஒட்டியிருந்த தாளில் 60 மடங்கு என்று போட்டிருந்தது. இரண்டு குழலும் ஆளுக்கொரு பக்கம் பார்க்க, கொஞ்ச நேரத்திலேயே பையனுக்குத் தலைவலி.

சரி, எதை வாங்குவது? 8×42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 10 மடங்கு இன்னும் நல்லதுதானே என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் பறவை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, நம் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை ரோட்டில் வாடைக்காற்று தோளைப் பிடித்து உலுக்கும்போது 10 மடங்கில் ஆலா என்ற கடற்பறவைக் கூட்டம் ஆடிக்கொண்டே இருக்கும், அலகு மஞ்சளா கறுப்பா என்று பார்த்து முடிக்க முடியாது.

நான் வைத்திருப்பது நிக்கான் புரோஸ்டாஃப் பி3, 8×42. எடை 565 கிராம். கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்தில் 126 மீட்டர் அகலத்தை ஒரே பார்வையில் காட்டும், அதனால் பறக்கும் பறவையைத் தேடிப் பிடிப்பது புதியவர்களுக்கும் கஷ்டமில்லை. கண்ணாடி போட்டவர்கள் கவனிக்க: கண்ணைப் பைனாகுலரின் பின்கண்ணாடியிலிருந்து 20 மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலும் படம் முழுசாகத் தெரியும், ரப்பர் வளையத்தைச் சுற்றி உள்ளே இறக்கிவிட்டால் போதும். இதே கம்பெனியின் அகுலான் ஏ211 8×42 விலை குறைவு, பார்வை அகலமும் கொஞ்சம் கூடுதல், படம் அருமை. ஆனால் அது 755 கிராம், கண்ணைத் தள்ளி வைக்கக்கூடிய அந்தத் தூரம் 12 மில்லிமீட்டர்தான், முக்கியமாக வாட்டர்ப்ரூஃப் கிடையாது. கம்பத்திலோ ஊட்டியிலோ இருந்தால் நான் அகுலானையே சொல்லியிருப்பேன். நம்ம ஊர்க் கதை வேறு. இங்கே மழையைவிட உப்புதான் எதிரி. பி3 உள்ளே நைட்ரஜன் அடைத்து மூடியிருப்பதால் ஈரம் உள்ளே போகாது, பூஞ்சை பிடிக்கும் பயமும் குறைவு. கூடுதல் காசு கொடுப்பது அந்த அடைப்புக்காகத்தான், என்னைக் கேட்டால் கொடுக்கலாம்.

வெளிப்பக்கத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கடலோரம் கொஞ்ச நேரம் நின்றாலே கண்ணாடியில் பிசுபிசுவென்று ஒரு படலம் ஏறிவிடும், அதில் பொடிமணலும் ஒட்டியிருக்கும். உடனே தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் துடைப்பார்கள் பாருங்கள், எனக்கு நெஞ்சே பதறும். அந்த மணல் கண்ணாடிப் பூச்சில் கோடு கோடாகக் கீறிவிடும். கேமரா கடைகளில் கிடைக்கும் ரப்பர் ஊதியால் முதலில் ஊதித் தள்ளுங்கள், அப்புறம் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், கடைசியாகத்தான் கண்ணாடித் துணி.

இன்னொன்று, புதுசாக வாங்கியவர்கள் பலரும் வலது கண்ணுக்கான வளையத்தைத் தொடுவதே இல்லை. வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி ஒரு போர்டில் இருக்கும் எழுத்தை இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். ஒருமுறை செய்தால் போதும். பைனாகுலர் மங்கலாக இருக்கிறது என்ற புகாரில் பாதி இதோடு தீரும்.

உடைக்குக் காசைக் கரைக்காதீர்கள். பறவை பார்ப்பதற்கென்றே விற்கும் இருபது பாக்கெட் சட்டை எல்லாம் தேவையே இல்லை. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பாருங்கள், சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையை இறுக்கிக் கட்டிய துணி. வெயிலுக்கும் காற்றுக்கும் அதைவிடச் சரியான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. மங்கிய நிறத்தில் ஒரு பருத்திச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி என்றால் தாடைக்குக் கீழே கயிறு கண்டிப்பாக. கயிறில்லாத தொப்பி சேர வேண்டிய இடம் பாக் நீரிணை. வெள்ளைச் சட்டை வேண்டாம், கண்மாய்க் கரை மேல் நின்றால் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும், கூழைக்கடா எழும்பிவிடும். ராணுவப் புள்ளிச் சட்டையும் வேண்டாம். இது கடலோரம், பைனாகுலரோடு நிற்பவரைப் போலீசார் விசாரிப்பது சகஜம், அடையாள அட்டை பையில் இருக்கட்டும். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளத்துக்கு ஐஎன்எஸ் பருந்து என்று பெயர். அந்த ஒரு பருந்தை மட்டும் பைனாகுலரில் பார்க்காதீர்கள்.

செருப்பு விஷயத்தில் மட்டும் நான் கறார். காரணம் சீமைக்கருவேலம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கால், எந்தக் கண்மாய்க்குப் போனாலும் கரையோரம் அந்த முள் கிடக்கும். ஹவாய் செருப்பின் அடியில் ஏறி மேலே வந்து குத்தும், பிடுங்கினால் நுனி உள்ளேயே ஒடிந்து நிற்கும். அப்புறம் நாள் முழுக்க ஒவ்வொரு அடிக்கும் சுருக் சுருக். மெத்து மெத்தென்று இருக்கும் ஓட்டப்பந்தய ஷூவையும் நம்பவேண்டாம், அடிப்பாகம் ஸ்பாஞ்சுதான். கெட்டி ரப்பர் அடி வைத்த வேலை ஷூ, ராமநாதபுரம் பஜாரிலேயே கிடைக்கும். கடல்பக்கம் மட்டும் போவதென்றால் பின்வார் வைத்த சாண்டல் போதும், மணல் தானே உதிர்ந்துவிடும். சேற்றில் இறங்க கம்பூட் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: இறங்கவே வேண்டாம். உள்ளான், உப்புக்கொத்தி மாதிரி கரைப்பறவைகள் சாப்பிடுகிற இடம் அது.

கழுத்துப் பட்டைக்குப் பதிலாக இரண்டு தோளிலும் மாட்டும் வார் ஒன்று வாங்கினால் கழுத்து பிழைக்கும். போனில் பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியை இறக்கி, இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பையும் வீட்டிலேயே இறக்கிவிடுங்கள், பிறகு நெட் இல்லாமலேயே வேலை செய்யும். அரிச்சல்முனைப் பக்கம் போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் சொல்கிறேன்.

ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது ஸ்டாண்டில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி, இப்போது வேண்டாம். விலை, ஸ்டாண்டு, சுமை எல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும், வெயில் ஏறியதும் மணலிலிருந்து கானல் எழும்பும்போது 40 மடங்கு, 60 மடங்கில் தெரிவது பறவையல்ல, நெளியும் நிழல்தான். தூரத்துப் பறவையை நிஜமாகவே பார்க்க வேண்டும் என்றால் விடிந்ததும் போங்கள். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கோப்போடு யாராவது கடலோரம் நிற்பதுண்டு, கேட்டால் பெரும்பாலும் பார்க்கத் தருவார்கள்.