ஆர்-சாப்பா, போலா-ஆர்-சிஹெச்பியா?

பெரியவர்களுக்கு வரும் லிம்போமாவில் (நிணநீர்ப் புற்றுநோயில்) அதிகம் பார்ப்பது டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் வகை. வேகமாக வளரும், ஆனால் பலருக்கு முழுதாகவே குணமாகிவிடும். பல்லாண்டுகளாக இதற்கு முதல் சிகிச்சை ஆர்-சாப்தான். ரிடுக்ஸிமாப், டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின் உள்ளிட்ட ஐந்து மருந்துகளின் கூட்டு இது. 21 நாளுக்கு ஒரு சுற்று, வழக்கமாக 6 சுற்று. டாக்ஸோரூபிசின் சிவப்பு மருந்து. ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகலாம், பயப்படாதீர்கள்.

புதிய கூட்டான போலா-ஆர்-சிஹெச்பியில் மாற்றம் ஒன்றுதான். வின்கிரிஸ்டினுக்குப் பதிலாக போலாடுசுமாப் வெடோட்டின். புற்றணுவின் மேலுள்ள சிடி79பி புரதத்தைப் பிடித்து, மருந்தை உள்ளே இறக்கிவிடும். 2022-இல் வெளியான போலாரிக்ஸ் ஆய்வில், 2 ஆண்டு முடிவில் நோய் முற்றாமலோ திரும்பாமலோ இருந்தவர்கள் 76.7%, ஆர்-சாப்பில் 70.2%. உயிரோடு இருந்தவர்களோ இரண்டிலும் கிட்டத்தட்ட 89%. வெள்ளணு குறைந்து காய்ச்சல் வருவது புதியதில் கூடுதல். கை கால் மரத்துப்போவது இரண்டிலும் உண்டு.

சரி, எதை எடுப்பது? ஐபிஐ மதிப்பெண் (நோயின் ஆபத்தை அளக்கும் எண்) 2 அல்லது அதற்கு மேல், காப்பீடும் கைகொடுக்கும் என்றால் புதியதைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். போலாடுசுமாப் விலை மிக அதிகம். அதற்காக வீட்டை அடகு வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆர்-சாப் எடுப்பவர் மட்டமான சிகிச்சை எடுக்கவில்லை. அப்புறம், எதுவானாலும் ரிடுக்ஸிமாபுக்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்துவிடுங்கள்.