பைத்தானின் பிளாட்ஃபார்ம் மாட்யூல்: பதினொன்றைப் பத்து என்றது யார்?

"விண்டோஸ் 11 போட்டு எவ்வளவோ நாளாகிறது, உங்கள் நிரல் இன்னும் 10 என்றே காட்டுகிறதே?" என்று நண்பர் கேட்டார். அவரிடம் இருப்பது பைத்தான் நிரல்மொழியின் பழைய பதிப்பு; அந்த 10ஐச் சொன்னது, எந்த இயங்குதளத்தில் ஓடுகிறோம் என்று கேட்டுச் சொல்லும் அதன் 'பிளாட்ஃபார்ம்' மாட்யூல் (துணைத் தொகுதி). பதில் எழுத உட்கார்ந்தால் சேர்த்து வைத்திருந்த எரிச்சலெல்லாம் கூடவே வருகிறது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 11 உள்ளுக்குள் தன்னை 10.0 என்றுதான் சொல்லிக்கொள்கிறது; பில்ட் எண் (வெளியீட்டின் உள் எண்) 22000 முதல் இருந்தால்தான் அது பதினொன்று. பைத்தான் 3.10 வெளிவந்தது 2021 அக்டோபர் 4, விண்டோஸ் 11 மறுநாள்; அன்றைய பைத்தானுக்குப் பதினொன்றைத் தெரியாது. பிந்தைய பைத்தான் பதிப்புகள் பில்ட் எண்ணைப் பார்த்துத் திருத்திக்கொண்டன. மேக்கிலும் இதே கூத்து. 'பிக் சர்' என்ற மேக் இயங்குதளம் 11ஆக இருக்க, பழைய எஸ்டிகே (நிரல் உருவாக்கும் கருவித்தொகுப்பு) கொண்டு உருவாக்கிய பைத்தானுக்கு 10.16 என்று பதில் வந்தது. பொய் சொன்னது இயங்குதளம், திட்டு வாங்கியது மாட்யூல்.

லினக்ஸில் நடந்ததற்கு இந்தச் சாக்கு செல்லாது. விநியோகத்தின் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகையின்) பெயரைச் சொல்லிவந்த 'லினக்ஸ்_டிஸ்ட்ரிபியூஷன்' என்ற செயல்கூறு 2019இல், 3.8 பதிப்பில் நீக்கப்பட்டது. 3.5லேயே எச்சரித்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மாற்றான 'ஃப்ரீடெஸ்க்டாப்_ஓஎஸ்_ரிலீஸ்' வந்தது 3.10இல். புது வீட்டுக்கு அஸ்திவாரம் போடும் முன்பே பழையதை இடித்துவிட்டு, அதுவரை வாடகைக்குப் போ என்ற கதை. வாடகை வீட்டின் பெயர் 'டிஸ்ட்ரோ' தொகுப்பு. தனியாக நிறுவ வேண்டும்.

வந்தது என்னவோ அருமையாக வந்தது. விநியோகம் தன் விவரங்களை எழுதிவைக்கும் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பைப் படித்து அப்படியே, பெயரும் மதிப்பும் ஜோடியாக உள்ள டிக்‌ஷனரியாகக் கையில் தருகிறது. உபுண்டுவில் 'ஐடி_லைக்' கேட்டால் டெபியன் என்று வரும். பெயரே கேள்விப்படாத விநியோகமானாலும் அந்த வரி இருந்தால் அது எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும். பெயரும் ஐடியும் கட்டாயம் கிடைக்கும். பதிப்பு எண்ணைச் சொல்லும் 'வெர்ஷன்_ஐடி'க்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஆர்ச் போல ஓடிக்கொண்டே இருக்கும் விநியோகங்களில் அந்த வரியே இல்லாமல் போகலாம்; சதுர அடைப்புக்குறி போட்டு நேராகக் கேட்டால் கீஎர்ரர் என்ற பிழைதான் வரும். இல்லாவிட்டாலும் பிழை தராத 'கெட்' மூலம் கேட்பதே பிழைக்கும் வழி.

இவ்வளவு பாராட்டிவிட்டு நண்பருக்கு நான் எழுதிய பதில்: பிழை அறிக்கையின் தலைப்பில் அச்சிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இந்த மாட்யூலை நம்பி ஒரு 'இஃப்' நிபந்தனை கூட எழுதாதீர்கள். எழுதியே தீர வேண்டுமென்றால், விண்டோஸில் 'கெட்விண்டோஸ்வெர்ஷன்' தரும் பில்ட் எண்ணை 22000உடன் ஒப்பிடுங்கள். மேக்கில் கிடைப்பது ஸ்ட்ரிங் (எண் அல்ல, எழுத்துத்தொடர்); புள்ளிக்குப் புள்ளி பிரித்து எண்ணாக மாற்றாவிட்டால் 10.9 பெரியது, 10.10 சிறியது என்று சாதிக்கும்.