ஏரிக்கரைக் காடு: ஒரே அகலத்தில் கோடா, இடம் பார்த்து ஒதுக்கீடா?

ஏரியை ஒட்டிய காட்டில் மரம் வெட்டப் போகிறார்கள் என்றால், கரையோரத்தில் எதை விட்டுவைப்பது என்பதற்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன.

முதல் வழி, தண்ணீரிலிருந்து இத்தனை மீட்டருக்குள் மரத்தைத் தொடக்கூடாது என்று கோடு போடுவது. நாடாவைப் பிடித்து அளந்தாலே மீறல் தெரிந்துவிடும். அதுதான் இதன் பெரிய பலம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1988-இல் இதைச் சரிவோடு இணைத்தது: தட்டையான கரைக்கு 30 மீட்டர், சரிவு கூடக்கூட 90 மீட்டர் வரை. ஆனால் அது மீன்களை மனதில் வைத்து எழுதிய விதி. மண் கரைந்து ஏரிக்குள் இறங்காமல் தடுக்கவும் நிழல் தரவும் அந்த அகலம் உதவும். தவளைக்குப் போதாது. நீரில் முட்டையிடும் தவளைகளிலும், பல்லி போலத் தோன்றும் சாலமாண்டர்களிலும் பல, மற்ற மாதங்களைக் காட்டுக்குள்தான் கழிக்கின்றன. 2003-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இவற்றுக்குக் கரையிலிருந்து 159 முதல் 290 மீட்டர் வரை நிலம் வேண்டும் என்றது. அப்புறம் காற்று இருக்கிறது. பின்னாலிருந்த காடு போனபின், கரையோரம் விட்டுவைத்த ஒல்லியான மர வரிசை புயலில் எளிதாகச் சாய்கிறது. (சாய்ந்து தண்ணீரில் விழுந்த மரம் மீன்களுக்கு நல்ல ஒதுங்கிடம், அது வேறு கதை.)

இரண்டாவது, அந்தக் கரையோர வரிசைக்குள்ளேயே சில மரங்களை மட்டும் தேர்ந்து வெட்டுவது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விலை போவது பெருமரம். மீன் பிடித்துத் தின்னும் விரால் அடிப்பான் பறவை கூடு கட்டுவதும், பொந்தில் முட்டையிடும் வாத்துகள் தேடுவதும் அதே பெருமரம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

மூன்றாவது, அகலத்தை இடத்துக்கேற்ப மாற்றுவது. கூடு உள்ள இடம், மூஸ் மான்கள் நீர்த்தாவரம் மேய வரும் குடா என்றால் தாராளமாக ஒதுக்கலாம். வேறு சில இடங்களில் தண்ணீர் வரைகூட வெட்டலாம். காட்டுத்தீயும் அப்படித்தானே சில இடங்களில் கரை வரை வந்து போகிறது? அங்கே துளிர்க்கும் ஆஸ்பென் மரக்கன்றுகள், மரத்தைக் கொறித்து நீரோரம் வாழும் பீவருக்குத் தீனி.

விலங்குகளுக்காக என்றால் நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன், ஒரு நிபந்தனையோடு. வெட்டுக்கு முன், கூடு கட்டும் பருவத்தில், யாராவது கரை முழுக்க நடந்து பார்த்திருக்க வேண்டும். அவருக்குச் சம்பளம் தருபவர் மரம் வாங்குபவராக இருக்கக்கூடாது. அது நடக்காத ஏரிக்கு ஒரே அகலக் கோடே மேல், ஆனால் 30 மீட்டரோடு நிறுத்தாமல்.